நேரசூசிக்கு வெளியே

கொட்டியாரக் குடாவுக்குத் தெற்கே ஒரு கிராமப் பாடசாலை. அதிபரின் கதிரைக்குப் பின்னால் சுவரில் ஒட்டியிருந்த நேரசூசியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எல்லாப் பெயர்களும் நீல மையில் இருந்தன. தரம் 10, 11 கணிதத்துக்கு நேரே மட்டும் ஒரு பெயர் பென்சிலில். ஏன் என்று கேட்டேன். "அவர் பென்சன் எடுத்த சேர். தன்ட விருப்பத்தில வந்து படிப்பிக்கிறார். வலயத்தில இருந்து ஆக்கள் வந்தா அழிச்சிப்போடலாம் என்டுதான்..." அதிபர் சொல்லி முடிக்கவில்லை. அந்த ஆசிரியர் வாரத்தில் நான்கு நாள், நகரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி, தன் ஓய்வூதியத்தில் பயணக்காசு கொடுத்து வந்துகொண்டிருந்தார். அவர் பெயரை மையால் எழுத அதிபருக்குத் துணிவில்லை. எழுதாமல் விட்டால் எந்த வகுப்புக்கு யார் என்று பிள்ளைகளுக்குத் தெரியாது.

திருகோணமலை மாவட்டத்தில் இப்படிப் பென்சிலில் எழுதப்பட்ட ஆசிரியர்கள் பலர் உண்டு. பழைய மாணவர் சங்கங்களும் கோயில் மலர்களும் அவர்களைப் பாராட்டி எழுதுகின்றன. அந்தப் பாராட்டுக்கு அவர்கள் தகுதியானவர்களே. ஆனால் பாராட்டோடு நின்றுவிடுவது அவர்களுக்கும் நல்லதல்ல, பிள்ளைகளுக்கும் நல்லதல்ல. ஓய்வுபெற்றவர் பாடசாலைக்கு வந்து உதவும் வழக்கம் பெரும் பயன் தருவது என்று நான் நம்புகிறேன். நேரசூசியில் ஒரு வெற்றுக் கட்டத்தை நிரப்ப அவரைப் பயன்படுத்தத் தொடங்கும்போது அதே வழக்கம் பிள்ளைகளுக்கு எதிராகத் திரும்புகிறது என்பதையும் கண்டிருக்கிறேன்.

இந்தக் கேள்வி அண்மையில் கூர்மையானதற்கு ஒரு காரணம் உண்டு. அரச ஊழியர்களின் ஓய்வு வயது 2022 தொடக்கத்தில் 65 ஆக உயர்த்தப்பட்டது. பொருளாதார நெருக்கடி முற்றிய அதே ஆண்டிலேயே அது மீண்டும் 60 ஆகக் குறைக்கப்பட்டது. 60 கடந்த ஆசிரியர்கள் 2022 டிசம்பர் 31ஆம் திகதியோடு வீட்டுக்குப் போனார்கள். இன்னும் ஐந்து வருடம் படிப்பிக்கலாம் என்று மனதைத் தயார்படுத்தி வைத்திருந்தவர்கள் சில மாதங்களுக்குள் விடைபெற வேண்டி வந்தது. உடலில் தெம்பும் கையில் பாடக்குறிப்பும் இருந்த மனிதர்கள். காலை 7 மணிக்கு வெள்ளைச் சட்டை போட்டுப் பழகியவர்கள். அவர்களில் சிலர் மறு தவணையே பழைய வாசலுக்குத் திரும்பி வந்ததில் வியப்பில்லை.

திருகோணமலையின் பாடசாலைகள் தொடக்கத்தில் கொடையாலும் தொண்டாலும் எழுந்தவை என்பதையும் மறக்கக்கூடாது. ஸ்ரீ சண்முக இந்து மகளிர் கல்லூரி 1923இல் தங்கம்மா சண்முகம்பிள்ளை அம்மையார் தொடங்கியது. இராமகிருஷ்ண மிஷன் பாடசாலைகளைப் பொறுப்பேற்று நடத்திய சுவாமி விபுலாநந்தர் திருகோணமலை இந்துக் கல்லூரியிலும் பணிபுரிந்தவர். கத்தோலிக்கத் துறவிகளும் மெதடிஸ்த சபையினரும் தங்கள் பங்குக்குக் கட்டினார்கள். ஊதியத்தை எண்ணாமல் படிப்பித்தவர்களின் நினைவு இந்த ஊரில் இன்னும் ஈரமாக இருக்கிறது. ஓய்வுபெற்ற ஒருவர் இலவசமாக வந்து படிப்பிக்கும்போது ஊர் அவரை அந்த வரிசையில் வைத்துப் பார்க்கிறது.

அந்த வரிசையில் ஒரு முறிவு உண்டு. 1945இல் இலவசக் கல்வி வந்தது. 1960 டிசம்பரிலிருந்து உதவி பெற்ற பாடசாலைகளை அரசு கையேற்றது. அன்றிலிருந்து ஒரு பிள்ளைக்கு முன்னால் ஆசிரியரை நிறுத்துவது கொடையாளியின் கருணையில் தங்கியிருக்கும் காரியமல்ல, அரசின் கடன். கணித ஆசிரியர் இல்லாத வகுப்பு என்பது தீர்க்கப்படாத கடன். அதை இன்னொருவர் தன் சட்டைப்பையிலிருந்து கட்டிக்கொண்டே வந்தால் கடன்காரருக்கு மறந்துபோகும்.

இதைக் கிழக்கு ஏற்கெனவே ஒருமுறை அனுபவித்துவிட்டது. போர்க்காலத்தில் ஆசிரியர்கள் வர அஞ்சிய கிராமங்களில் பாடசாலைகளைத் திறந்து வைத்திருந்தவர்கள் தொண்டர் ஆசிரியர்கள். உயர்தரம் முடித்த ஊர்ப் பிள்ளைகள், பெரும்பாலும் பெண்கள். ஷெல் விழுந்த மறுநாளும் இடாப்பு எடுத்து வரவு குறித்தவர்கள். ஒரு நிவாரணப் பொதிக்கும் சிறு கொடுப்பனவுக்குமாகப் பல வருடம் உழைத்தார்கள். போர் முடிந்த பிறகு நிரந்தர நியமனம் கேட்டுத் தெருவில் உட்கார வேண்டி வந்தது. அவர்களிடம் சேவைச் சான்று கேட்கப்பட்டபோது, பலருடைய பெயர் எந்தப் பதிவிலும் ஒழுங்காக இல்லை. அவர்களும் பென்சிலில் எழுதப்பட்டவர்கள்தான். அவர்களுடைய உழைப்பால் பாடசாலைகள் மூடப்படாமல் இருந்தன. மூடப்படாததால் வெற்றிடம் அவசரமாகத் தெரியவில்லை.

இப்போது நடப்பதும் இதே போக்குத்தான். ஒவ்வொரு பாடசாலைக்கும் மாணவர் தொகைக்கு ஏற்ப ஆளணி கணிக்கப்படுகிறது. எந்தப் பாடத்துக்கு ஆள் குறைவு என்று அதிபர் வலயத்துக்கு எழுதுகிறார். எழுதுகிற எல்லோருக்கும் ஆள் கிடைப்பதில்லை. யார் சத்தம் போடுகிறார்களோ, எந்த ஊரில் பெற்றார் வாசற்கதவைப் பூட்டிப் போராடுகிறார்களோ, அங்கே ஓர் ஆசிரியர் இணைப்பில் வருவார். ஓய்வுநிலை ஆசிரியர் படிப்பிக்கும் பாடசாலையில் பெற்றார் கதவைப் பூட்டுவதில்லை. பிள்ளை கணிதம் படிக்கிறது, சோதனைத்தாள் திருத்தப்பட்டு வருகிறது, பிறகு எதற்குப் போராட்டம்? நகரத்துப் பாடசாலையில் மிகையாக இருக்கும் கணித ஆசிரியர் செல்வாக்கைப் பிடித்து அங்கேயே இருந்துவிடுகிறார்.

நான் சொன்ன அந்தப் பென்சில் பெயர்க்காரருக்கு ஒரு மூன்றாம் தவணையில் கண்ணில் சத்திரசிகிச்சை நடந்தது. சாதாரண தரப் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. அவர் வராத ஆறு வாரமும் தரம் 11 பிள்ளைகள் கணிதப் பாடவேளையில் கிணற்றடி மரத்தின் கீழ் இருந்தார்கள். பதில் ஆசிரியர் கேட்டு அதிபர் எழுதியபோது, இதுவரை பாடம் நடந்துதானே இருக்கிறது என்ற கேள்விதான் முதலில் வந்தது. அவரைக் குறை சொல்ல எனக்கு நா எழாது. நாலு வருடம் ஒரு கூலியும் இல்லாமல் வந்தவர். ஆனால் அவர் வந்த நாலு வருடமும் அந்தக் கதிரை நிரம்பியிருப்பதாகவே கோப்புகள் நினைத்துக்கொண்டிருந்தன.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். 2017இல் கிழக்கின் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். 2020இல் அபிவிருத்தி உத்தியோகத்தர்களாக எடுக்கப்பட்ட பட்டதாரிகளில் பலர் பாடசாலைகளுக்கு அனுப்பப்பட்டு, ஆசிரியருடைய வேலையைச் செய்துகொண்டே ஆசிரியர் நியமனத்துக்காகக் காத்திருந்தார்கள். இப்படிப்பட்ட ஓர் ஊரில் 65 வயதுக்காரர் இலவசமாக ஒரு முழுப் பாடத்தைப் பொறுப்பேற்கும்போது, 28 வயதுக்காரரின் வாசல் இன்னும் கொஞ்சம் ஒடுங்குகிறது. அவர் அப்படி நினைத்துச் செய்யவில்லை. விளைவு அதுதான்.

தொண்டர்கள் எங்கே பயன்படுகிறார்கள் என்பதை இந்தியாவில் பரிசோதித்தே பார்த்திருக்கிறார்கள். பிரதம் என்ற தொண்டு நிறுவனம் 2000களின் தொடக்கத்தில் வதோதராவிலும் மும்பையிலும் பின்தங்கிய ஆரம்ப வகுப்புப் பிள்ளைகளைப் பதினைந்து இருபது பேராகப் பிரித்தெடுத்து, உள்ளூர் இளம்பெண்களைக் கொண்டு நாளுக்கு இரண்டு மணிநேரம் அடிப்படை வாசிப்பும் எண்ணும் கற்பித்தது. பிள்ளைகள் தெளிவாக முன்னேறினார்கள். பின்னர் பீகாரில் தொண்டர்கள் பாடசாலை நேரத்துக்கு வெளியே கற்பித்தபோதும் பலன் கிடைத்தது. உத்தரகாண்டில் அதே முறையைப் பாடசாலை நேரத்துக்குள் கொண்டுவந்தார்கள். அங்கே பலன் இல்லாமல் போனது. தொண்டர்கள் வழமையான வகுப்பாசிரியர்களாக உறிஞ்சப்பட்டுவிட்டார்கள் என்பது ஆய்வாளர்கள் கண்ட காரணம். பொருளியலாளர்களான அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ ஆகியோர் பங்கெடுத்த ஆய்வுகள் இவை. அவற்றை வாசித்தபோது எனக்குக் கொட்டியாரத்து நேரசூசிதான் கண்ணுக்குள் வந்தது.

அப்படியானால் ஓய்வுபெற்றவருக்குப் பாடசாலையில் என்ன வேலை? இங்கேதான் இந்த வழக்கத்தின் உண்மையான செல்வம் இருக்கிறது.

தரம் 4 பிள்ளை ஒருத்தி. புத்தகத்தை விரித்து வைத்திருக்கிறாள். வாய் அசைகிறது. தூரத்திலிருந்து பார்த்தால் வாசிக்கிறாள் என்றுதான் தோன்றும். நாற்பது பிள்ளைகளுக்கு முன் நிற்கும் ஆசிரியைக்கும் அப்படித்தான் தோன்றியிருந்தது. ஓய்வுபெற்ற ஆரம்பப் பிரிவு ரீச்சர் ஒருவர் பக்கத்தில் பாயில் உட்கார்ந்து, விரலை ஒரு சொல்லின் கீழே வைத்து, "இது என்ன மகள்?" என்று கேட்டார். பிள்ளை பக்கத்துப் படத்தைப் பார்த்து ஒரு சொல்லைச் சொன்னாள். படத்தைக் கையால் மூடிவிட்டு மறுபடி கேட்டார். மௌனம். பத்து நிமிடத்தில் ரீச்சர் கண்டுபிடித்துவிட்டார்: பிள்ளைக்கு உயிரும் மெய்யும் தெரியும், உயிர்மெய்யில் கொம்பும் துணைக்காலும் சேரும் இடத்தில் இடறுகிறாள். 'கொ'வும் 'கோ'வும் 'கெ'வும் அவளுக்கு ஒரே கூட்டம். மூன்று வருடமாக அந்த ஓர் இடத்தில் நின்றுகொண்டு, மற்ற எல்லாப் பாடத்தையும் மனப்பாடத்தால் தாண்டி வந்திருக்கிறாள்.

இதைக் கண்டுபிடிக்க முப்பது வருட அனுபவம் வேண்டும். அதைவிட முக்கியமாக, அவசரமில்லாத பத்து நிமிடம் வேண்டும். இந்த இரண்டும் ஒருசேர இருப்பவர் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்தான். பாடத்திட்டத்தை முடிக்க வேண்டிய ஓட்டம் அவருக்கு இல்லை. புலமைப்பரிசில் பெறுபேறு குறைந்தது ஏன் என்று யாரும் அவரிடம் கேட்கப்போவதில்லை. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பாடசாலைகள் மூடப்பட்டதும், 2022இல் எரிபொருள் இல்லாமல் நாட்கள் இழந்ததும், எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டிய வயதுப் பிள்ளைகளைத்தான் அதிகம் பாதித்தன. அந்தப் பிள்ளைகள் இப்போது மேல் வகுப்புகளில் மௌனமாக உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு பாயும் ஒரு ரீச்சரும் வேண்டும்.

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 60 வயது கடந்தவர்களை ஆரம்ப வகுப்புகளுக்கு அனுப்பும் திட்டம் ஒன்று நடந்தது. ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார் அதைப் பல வருடம் ஆராய்ந்தார்கள். முதலில் பயிற்சி, பிறகு வாரத்துக்குப் பதினைந்து மணிநேரம், பாலர் வகுப்பிலிருந்து மூன்றாம் வகுப்பு வரை, வரையறுத்த வேலை. வகுப்பாசிரியர் இடத்தில் அவர்களை நிறுத்தவில்லை. தமிழ்நாட்டின் இல்லம் தேடிக் கல்வி 2021இல் தொடங்கியபோது தன்னார்வலர்களுக்கு மாதம் 1000 ரூபாய் கொடுத்து, மாலை வேளையில், பள்ளிக்கு வெளியே கற்பிக்கச் சொன்னார்கள். தொகை சிறிதுதான். ஆனால் அவர்களுடைய பெயர் ஒரு பதிவில் இருந்தது.

இளம் ஆசிரியருக்குத் துணையாக நிற்பது இன்னொரு வேலை. நியமனம் பெற்று முதல்முறை ஈச்சிலம்பற்றுக்கோ குச்சவெளிக்கோ போகும் பட்டதாரிக்குப் பாட அறிவு இருக்கும். தரம் 8இன் கடைசி வாங்கில் இருக்கும் பையன் ஏன் பாடம் குழப்புகிறான் என்பது தெரிந்திராது. சேவைக்கால ஆலோசகர் தவணைக்கு ஒருமுறை வந்து படிவம் நிரப்பிப் போவார். அதே வகுப்பில் பின்னால் உட்கார்ந்து, பாடம் முடிந்ததும் தேநீர் குடித்துக்கொண்டே "மூன்றாவது கணக்கில நீங்க அவசரப்பட்டிட்டீங்க தம்பி" என்று சொல்ல ஒருவர் இருந்தால், அந்தத் தம்பி இடமாற்றம் கேட்டு ஓடும் வருடம் கொஞ்சம் தள்ளிப்போகும்.

குறைகளையும் மறைக்கக்கூடாது. முதலாவது, பிரம்பு. இன்று ஓய்வுபெற்றிருப்பவர்கள் பிரம்பால் அடிபட்டுப் படித்து, பிரம்போடு படிப்பித்த தலைமுறை. உடல் தண்டனையைத் தடைசெய்யும் கல்வி அமைச்சின் சுற்றறிக்கைகள் 2005இலும் 2016இலும் வந்தன. சேவையில் இருக்கும் ஆசிரியர் அதை மீறினால் விசாரணை உண்டு. தொண்டாக வந்தவர் அடித்தால் யார் விசாரிப்பது? பிள்ளையின் தாய் முறையிடவும் தயங்குவாள், "சும்மா வந்து படிப்பிக்கிற மனிசன்" என்று ஊர் சொல்லும். அடியைவிடக் கொடிய தீங்கு நேர்ந்தாலும் அதே நன்றிக்கடன் வாயை அடைக்கும். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை 1998 முதல் இருக்கிறது, 1929 என்ற தொலைபேசி இலக்கமும் இருக்கிறது. இருந்தும், பாடசாலைக்குள் வரும் தொண்டரிடம் கையொப்பம் வாங்கும் வழக்கம்கூட நான் பார்த்த இடங்களில் இல்லை. வயதையும் வெண்ணிற வேட்டியையும் சான்றிதழாக எடுத்துக்கொள்வது பிள்ளைகளுக்குச் செய்யும் அநீதி.

இரண்டாவது குறை மெல்லியது, ஆனால் பாடசாலையையே குலைக்கக்கூடியது. முன்னாள் அதிபர் தன் பழைய பாடசாலைக்கே தொண்டு செய்ய வருகிறார். ஆசிரியர் அறையில் எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள். புதிய அதிபர் பெண், வயதில் இளையவர், அவரிடமே படித்தவர். காலைக் கூட்டத்தை எங்கே நடத்துவது என்பதிலிருந்து யாருக்கு எந்த வகுப்பு என்பது வரை இரண்டு குரல் கேட்கத் தொடங்குகிறது. ஓய்வுபெற்றவர் தன் பழைய பாடசாலையைத் தவிர வேறு எங்கு வேண்டுமானாலும் போகலாம் என்று ஒரு விதி இருந்தால் இந்தத் துன்பத்தில் பாதி தீரும். ரியூசன் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. காலையில் இலவசமாகப் படிப்பித்து மாலையில் அதே பிள்ளைகளைக் கட்டண வகுப்புக்கு எதிர்பார்ப்பவர்கள் சிலர்தான். அந்தச் சிலரால் எல்லோர் மேலும் சந்தேகம் விழுகிறது.

மூன்றாவது, கடல். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் பெரும்பாலும் நகரத்தில், உவர்மலையில், பாலையூற்றில் வீடு கட்டி இருக்கிறார்கள். ஆசிரியர் இல்லாத வகுப்புகள் குடாவுக்கு அப்பால், வெருகல் பக்கமும் சம்பூர் பக்கமும் இருக்கின்றன. சம்பூர் மக்கள் 2006இல் இடம்பெயர்ந்து பத்து வருடமளவில் அலைந்து திரும்பியவர்கள். முன்பு மூதூருக்கு லோஞ்சில்தான் போவோம். 2009இல் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறந்தது, அதன் பின் தெற்கே மற்றப் பாலங்களும் வந்தன, பஸ் நேரே ஓடுகிறது. ஆனாலும் 2021 நவம்பர் 23ஆம் திகதி குறிஞ்சாக்கேணியில் மிதவைப் படகு கவிழ்ந்து பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகள் நீரில் மாண்டார்கள். பாலம் கட்டி முடியாத இடைவெளியில் ஓடிய படகு அது. இந்த மாவட்டத்தில் பாடசாலைக்குப் போவது இன்னமும் சிலருக்குத் தண்ணீரைத் தாண்டும் காரியம். 63 வயது ரீச்சரை மாரி காலத்தில் அந்த வழியே சொந்தச் செலவில் போகச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. அதனால் தொண்டு தேவை அதிகமுள்ள இடத்துக்குப் போகாமல், வீட்டுக்குக் கிட்டவுள்ள, ஏற்கெனவே ஆசிரியர் நிறைந்த பாடசாலையிலேயே தங்கிவிடுகிறது.

தூர தேசத்துக்குப் போய் முதுமையில் உதவியவர்களின் கதையை நாம் வியந்து கேட்கிறோம். பிற நாடுகளுக்குத் தொண்டர்களை அனுப்பும் அமெரிக்க அமைதிப்படையில் (Peace Corps) வயதுக்கு மேலெல்லை கிடையாது. பின்னர் ஜனாதிபதியான ஜிம்மி கார்ட்டரின் தாய் லிலியன் 1966இல் 68 வயதில் அதில் சேர்ந்து மும்பைக்கு அருகே விக்ரோலியில் தாதியாக உழைத்தார். பசிபிக்கின் டொங்கா, சமோவா தீவுகளின் பாடசாலைகளுக்கும் அமைதிப்படையினர் போனார்கள். பிஜியில் 2009இல் அரச ஊழியரின் ஓய்வு வயதை 60இலிருந்து 55 ஆகக் குறைத்தபோது, அனுபவம் மிக்க உள்ளூர் ஆசிரியர்கள் ஒரே நாளில் ஓய்வுபெற்றவர்களாக ஆனார்கள். தீவுக்கு வெளியிலிருந்து வருபவரைக் கொண்டாடிக்கொண்டு தீவில் இருப்பவரை வீட்டுக்கு அனுப்புவது எவ்வளவு பெரிய வீண்.

வெளியிலிருந்து வந்தவர்களிலும் நிலைத்தவர்கள் தங்கியவர்களே. யேசுசபைத் துறவி பென்ஜமின் ஹென்றி மில்லர் 1948இல் அமெரிக்காவிலிருந்து மட்டக்களப்புக்கு வந்தார். புனித மிக்கேல் கல்லூரியில் படிப்பித்தார், போர்க்காலத்தில் காணாமற்போனவர்களுக்காக அலைந்தார், 2019இன் முதல் நாளில் 93 வயதில் அந்த ஊரிலேயே கண்மூடினார். ஒரு தவணைக்கு வந்து படம் எடுத்துக்கொண்டு போகிறவரால் 'கொ'வுக்கும் 'கோ'வுக்கும் நடுவே நிற்கும் பிள்ளையைக் காணமுடியாது. நம் ஓய்வுநிலை ரீச்சருக்கு மொழி தெரியும், அந்தப் பிள்ளையின் தாயும் அவரிடம் படித்தவள்தான்.

இவ்வளவும் ஆசிரியர்களைப் பற்றியே எழுதினேன். இந்த மாவட்டத்தின் ஓய்வுபெற்றோர் ஆசிரியர்கள் மட்டுமல்ல. துறைமுகம் ஒரு பெரிய தொழிற்கூடம். பிரிமா மாவு ஆலை, டோக்கியோ சீமெந்து, சீனன்குடாவின் எண்ணெய்த் தாங்கிகள், துறைமுக அதிகார சபை, ரயில் நிலையம். அங்கே முப்பது வருடம் மோட்டார் பிரித்துப் பூட்டியவர்கள், பாரந்தூக்கி இயக்கியவர்கள், வெல்டிங் செய்தவர்கள் 60 வயதில் வீட்டு விறாந்தையில் உட்கார்ந்திருக்கிறார்கள். 2013இல் உயர்தரத்தில் தொழினுட்பத்துறை தொடங்கப்பட்டது. ஆய்வுகூடங்கள் கட்டினார்கள், இயந்திரங்கள் வந்தன. பொறியியற் தொழினுட்பவியலைப் புத்தகத்தில் படித்துக் கற்பிக்கும் ஆசிரியரோடு, மின்மோட்டாரின் சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லும் ஒரு மனிதர் வாரத்தில் ஒரு நாள் நின்றால் அந்தப் பாடமே வேறாகும். அவர் யாருடைய கதிரையையும் பிடிக்கமாட்டார், ஏனென்றால் அப்படியொரு கதிரையே ஆளணியில் இல்லை. மொழிக்கும் இது பொருந்தும்: நகரத்தில் வாழும் ஓய்வுபெற்ற சிங்களவர்களிடம் நம் பிள்ளைகள் பேச்சுச் சிங்களமும், நம்மவரிடம் அவர்களுடைய பேரப்பிள்ளைகள் தமிழும் பழகலாம். மூவினமும் சேர்ந்து வாழும் மாவட்டத்தில் இதை இன்னும் நாம் முயன்று பார்க்காதது எனக்கு வருத்தம்.

செய்ய வேண்டியது பெரிய சட்டமல்ல. வலயக் கல்விப் பணிமனையில் ஒரு பதிவேடு. வருபவரின் பெயர், பொலிஸ் நற்சான்று, எந்த வேலைக்கு, எத்தனை நாள், எப்போது முடியும். பஸ் காசு, விபத்துக் காப்புறுதி. அதே பக்கத்தின் மறுபாதியில், அந்தப் பாடசாலையில் எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் வெற்றிடம் என்பதையும், தொண்டர் வந்திருப்பதால் அது நிரம்பியதாகக் கொள்ளப்படாது என்பதையும் எழுதி அதிபரும் பணிப்பாளரும் ஒப்பமிட வேண்டும். இந்த மறுபாதி இல்லாத பதிவேடு பென்சிலைவிட மோசமானது.

போன வருடம் ஒரு பாடசாலையின் தொழினுட்ப ஆய்வுகூடத்தில், பேரப்பிள்ளையை ஏற்றிப்போக வந்த ஒருவர் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். துறைமுகத்தில் மின்னிணைப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவர். மேசையில் ஒரு பல்மானி மூன்று மாதமாகப் பழுதாய்க் கிடந்தது. கேட்டு வாங்கி, பின்பக்கத்தைத் திறந்து, எரிந்துபோயிருந்த உருகியை மாணவர்களுக்குக் காட்டி, ஏன் எரிந்தது என்று அவர்களிடமே கேட்டார். அரை மணிநேரம் போனது. பிறகு அதிபரிடம் போய், "மிஸ், புதன்கிழமைகளில நான் சும்மாதான் இருக்கன். வரட்டா?" என்றார். அதிபருக்கு மகிழ்ச்சி. லாச்சியைத் திறந்து, மூடி, மறுபடி திறந்து தேடினார். அப்படி ஒருவரின் பெயரை எழுதுவதற்கு அங்கே ஒரு படிவமும் இல்லை.